மின்சாரக் கார் வாங்க வேறு காரணம்

ரோச்டேல்
செவ்வாய்க்கிழமை

என் மகன் கிரெயமுக்கு,

அப்பாவோட டீசல் காரை விற்காதே, எந்தத் தலைவர் வந்து என்ன சட்டம் போடுவாரோ, தேர்தல் முடியட்டும் என்று எழுதியிருந்தாய். நேற்று கருத்துக் கணிப்புக்காரப் பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டாள். கட்சித் தலைவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "நல்லா செய்றாரா, மோசமா செய்றாரா?" என்று கேட்டாள்.

"எல்லாருமே மோசம்தாம்மா. அடுத்த கேள்விக்குப் போ."

"அடுத்து மின்சாரக் கார் வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"காரணம் செலவா, சுற்றுச்சூழலா?"

"ரெண்டும் இல்ல. வேறன்னு போட்டுக்கோ கண்ணு."

அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று பக்கத்து வீட்டு நெவில் ஞாயிறுதோறும் அந்தக் காரைக் கிளப்பி ஓட விடுகிறார். அந்தச் சத்தம் வாசலில் கேட்டதும் நான் டீக்குக் கெட்டிலைப் போட்டு, இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றில் ரெண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுவிடுகிறேன். அப்பாவை அடக்கம் செய்து ஆறு மாசமாகியும் இப்படித்தான். மின்சாரக் கார் சத்தமே போடாதாம்.

முடிவு பண்ணிவிட்டேன். சனிக்கிழமை பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து அப்பா காரை ஒரு தடவை ஓட்டிக்கொள். சாவி நெவிலிடம் இருக்கிறது. நீ அதைக் கிளப்பும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

உன் அம்மா