கதவுக்கு வெளியே நீ

புதிதாக வந்த ரப்பர் பொம்மையின் பெட்டியை இன்று பிரித்தேன். அறுவை சிகிச்சை பழகும் இளம் டாக்டர்கள் அதன் கழுத்தை வெட்டி, அடைபட்ட மூச்சுக்கு வழி திறக்கப் பழகலாம். மூடியைத் திறந்ததும் சைக்கிள் டியூப் வாசம். உன் நினைவு வந்துவிட்டது, மச்சான்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் புது டாக்டர்களாக இருந்தபோது நமக்கு ஏது பொம்மை? உன் மாமாவின் இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டுக் குரல்வளை கொண்டுவருவாய். அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைத் தோலாக இழுத்துக் கட்டுவாய். நான் கத்தியை வைத்ததும் பின்னால் நின்று தட்டைத் தரையில் போடுவாய், லைட்டை அணைப்பாய், "இக்மன் கரன்ன" என்று சிங்களத்தில் அவசரப்படுத்திக் கத்துவாய். அந்தப் பயிற்சியில் நீ மட்டும் ஒரு நாளும் கத்தியைத் தொட்டதில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நான் தடுமாறுவதைப் பார்க்க ஆசையோ என்று எனக்கு அப்போதே சந்தேகம். கேட்டால், "ஆள் சாகப்போற நேரத்துல ஒன்னய யாரும் கொஞ்ச மாட்டாங்க" என்பாய்.

சண்டைக் காலம் அது. ஒரு மத்தியானம் ரத்தோட்டைப் பாதை வளைவில் ராணுவ லொறி புரண்டு, குரல்வளை நசுங்கிய சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பெரிய சர்ஜன் கண்டிக்குப் போயிருந்தார். வாசலில் துப்பாக்கியோடு அவன் கூட்டாளிகள். தமிழன் கையில் சிங்களச் சிப்பாய் செத்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். அவன் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. "நீ வெட்டு" என்று கத்தியை என் கையில் வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாய். பழியை என் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறான் என்றுதான் நினைத்தேன். வெளியே சிங்களக் கூச்சல். அது எனக்குப் பழகிய கூச்சல்தான், கை நடுங்கவில்லை. விரலால் குரல்வளைக்குக் கீழே உள்ள பள்ளத்தைத் தேடி வெட்டிக் குழாயை நுழைத்தேன். மூச்சு சீறிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் உன்னோடு நான் பேசவில்லை. வார்டு நர்ஸ் மிஸ்ஸிதான் ஒருநாள் சொன்னார்: "அவரு வெளிய நின்னு, இது என்னோட கேஸ், ஏதாச்சும் ஆனா என்னையக் கேளுங்கன்னு தன்னோட பேரைச் சொல்லிட்டு நின்னாரு. ஒங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

உன்னிடம் கேட்டேன். சிரித்தாய். "அவங்க கதை கட்டுறாங்க. எனக்குக் கை நடுங்கிச்சு மச்சான், அதான் ஓடிட்டேன்."

தையல் போடும்போது உன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை காலமாகியும் அந்தப் பதிலை நான் நம்பவில்லை.

நாளை இந்தப் பிள்ளைகள் பொம்மையின் கழுத்தில் கத்தி வைக்கும்போது நானும் தட்டைப் போடுவேன், லைட்டை அணைப்பேன், கத்துவேன். சந்தேகமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அது எனக்குப் பெரிதில்லை. நிஜமாக அப்படி ஒரு நாள் வந்தால், உன்னைப் போலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்பேனா என்று என்மேல்தான் எனக்குச் சந்தேகம்.