புறப்பட்ட கல்

அன்புள்ள ஜெபெட்,

நீயும் பிள்ளைகளும் நலமா? கறுப்பு ஆட்டின் இருமல் நின்றதா? இனி நான் எழுதப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்த வரிசையில் நீதான் முதல் ஆள்.

துர்கானா ஏரிப் பக்கம் பூமி எங்கே பலமாக இழுக்கிறது, எங்கே குறைவாக இழுக்கிறது என்று ஒரு பெட்டியை வைத்து அளக்கிறோம். பெட்டி சுமப்பவன் உன் மாவீரன். நேற்று மலையுச்சியில் இழுப்பு குறைவு. லேசாகத் துள்ளினேன், தரைக்கு வந்து சேர்வதற்குள் கீழே வைத்திருந்த தேநீர் ஆறிவிட்டது. இறக்கத்தில் பூமி பழிதீர்த்தது. பெட்டியை மார்போடு அணைத்தபடியே உருண்டேன்.

“யோவ் கிப்தலாம், பெட்டிக்கு அடிபட்டுச்சா?” என்று கத்தினார் எங்கள் தலைவர் எக்வாம்.

“முட்டிதாங்க போச்சு!”

“முட்டித்தோல் தானா வளரும்யா. பெட்டி கெட்டிருந்தா இன்னைக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்!”

ஒரு நிமிடம், கெட்டுத்தான் போயிருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். காலையில் முதல் அளவு எடுத்துவிட்டுப் புறப்பட்ட கல்லின் மேலேயே மாலையில் பெட்டியை வைத்து மறுபடி அளந்தார்கள். அதே எண். என் வேலை பிழைத்தது.

கம்பளிக் காலுறையும், நீ உள்ளே கரி பூசிய குடுக்கையில் புளித்த பாலும் கொடுத்தனுப்பு. லாரி உறுமுகிறது, முடிக்கிறேன். இதில் ஒன்று மட்டும் நிஜம்: எங்கே சுற்றினாலும் பெட்டி புறப்பட்ட கல்லுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அளந்ததெல்லாம் வீண்.

உன் கிப்தலாம்