கடல் தாண்டாத கழுகு

இன்று காலை, நாம் புலம்பெயர்ந்து வந்து சேர்ந்த இந்த ஹரோவில், குன்றுக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. பஸ் தரிப்பில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தேடினேன். உங்களால் வந்த பழக்கம், ரீச்சர்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை நாம் இருவரும் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனோமே, அன்று தூறல். அந்தப் பெரிய பிணந்தின்னிக் கழுகு நனைந்த கரிய சிறகுகளைக் காயப்போட்டதுபோல் விரித்துக்கொண்டு நின்றது.

"மொட்டைத் தலை! மாஸ்டர் மாதிரி!" என்று என் தலையைக் காட்டி ஒருத்தி கத்தினாள். நீங்கள் அவளை அதட்டிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

"ஈகிளை விடப் பெரிசு. அப்ப இதுதானே கிங்?" என்றாள் அவள்.

எனக்குப் பாடம் நடத்த அது போதாதா? "காலைப் பாருங்கோ பிள்ளையள். ஈகிளின்ர கால் இடுக்கி மாதிரி, பிடிச்சா விடாது. இதுக்குக் கோழிக்கால். வேட்டைப் பறவையளின்ர குடும்பம்தான், ஆனா கொல்லுறது மெத்தக் குறைவு. செத்ததைத் தேடி வட்டமிடும். ஒண்டு இறங்கினா, தூரத்தில பறக்கிறதும் கண்டு வரும்."

நீங்கள் கம்பியைப் பிடித்தபடி கேட்டீர்கள். "எங்கட நாட்டில இது இல்லையோ, மாஸ்டர்?"

"இல்லை ரீச்சர். இந்தியாவில இருக்கு. சூடான காத்தில மிதந்துதான் பறக்கும். கடலுக்கு மேல அந்தக் காத்துக் கிடையாது. வராது."

"வந்திருந்தா வன்னியில ஆராவது அண்ணாந்து பாத்திருப்பினம். பிள்ளை எங்க கிடக்கிறான் எண்டாவது தெரிஞ்சிருக்கும்."

வன்னிப் போரில் காணாமல் போன உங்கள் மகனைப் பற்றி அதுவரை "வருவான்" என்று மட்டுமே சொல்லிவந்தீர்கள். எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருக்கிற நான் அன்று பிள்ளைகளைச் சாப்பாட்டுப் பெட்டிகளை எடுக்கச் சொன்னேன்.

அடுத்த குளிர்காலத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அவனைத் தேடித் தருவதாகச் சொன்னவர்களிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு என்னுடையதையும் கொடுத்திருந்தீர்கள். "நான் ஷிப்டில நிண்டா நீங்கள் எடுங்கோ மாஸ்டர்." உங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இப்போது என்னுடையது மட்டுமே இருக்கிறது.

வெளிநாட்டு இலக்கம் தெரிந்தால் உடனே எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் கொழும்பிலிருந்து மச்சாள், இல்லாவிட்டால் எதையாவது விற்கிறவர்கள். எலும்பு கிடைத்தது என்று சொன்னால் அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வேன்? அவனே எடுத்து, "அம்மா எங்க?" என்று கேட்டால்?

ஆனாலும் குளிக்கப் போகும்போது தொலைபேசியைக் கதவருகே வைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறேன்.