நிமாவின் எட்டாவது பக்கம்

மழை பிடித்ததிலிருந்து உன் பூட்ஸ் நாறுகிறது. அடியில் ஆணி அடித்த அந்தப் பனிமலை பூட்ஸை, உன் காரியம் முடிந்த கையோடு உன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டாள். "அண்ணன்தான் வச்சிக்கணும்" என்று தங்கச்சி அழும்போது எப்படி மறுப்பது? அரியலூரில் இதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவேன், தபால் ஆபீஸுக்கா? போய்ச் சேர்ந்த பிறகும் நீ என்னை நிம்மதியாக விடுவதில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நீ டார்ஜிலிங்கில் இராணுவக் குமாஸ்தா. சிக்கிம் பனிமலைக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்கார டாக்டர், சாமான்களைச் சரிபார்க்க உன்னையும் அழைத்துப் போனார். நம் பக்கத்துச் செட்டிகுளம் மலைக்கே மூச்சு வாங்குகிறவன் நீ. வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, உன் டிரங்குப் பெட்டியில் உனக்குச் சொந்தமில்லாத ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தது.

அது நிமாவினுடையது. நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த சுமை தூக்கி. அங்கே ஒவ்வொரு சுமை தூக்கியும் இப்படி ஒரு புத்தகம் வைத்திருப்பானாம். பயணம் முடிந்ததும், கூடப் போனவர்கள் இவன் எப்படி வேலை செய்தான் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த துரை ஆள் எடுப்பார். நிமாவுக்கு ஏழு பக்கம் சேர்ந்திருந்தது. எட்டாவதை நீ எழுத வேண்டும் என்று நீட்டியிருக்கிறான். நல்ல இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று வாங்கி வைத்தவன், அப்படியே ரயிலேறிவிட்டாய். இப்படியும் ஒருவன் செய்வானா?

நான் தபால் ஆபீஸில் இருக்கிறேன். நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே ரிஜிஸ்தரில் போயிருக்கும். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து உன் உயிரை எடுத்தேன். "எழுதுறேன்டா, வார்த்தை சரியா வரல" என்பாய். பங்குனி வந்தது, அங்கே மலையேறும் சீசன் தொடங்கியது. சீசன் முடிந்தது. மறு பங்குனியும் வந்தது. புத்தகமில்லாத நிமாவை யார் எடுப்பார்கள் என்று நினைத்து எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

இதில் வாசகசாலையில் உன் பிரசங்கம் வேறு! கம்பளிச் சட்டையோடு வியர்த்துக்கொண்டு, பனிமலைக் கணவாயைத் தாண்டிய கதையை ஒரு மணி நேரம் சொன்னாய். வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "ஏங்க, அம்புட்டு மூட்டையையும் யாருங்க தூக்குனது?" என்று கேட்டார். "அதுக்கு ஆளுங்க இருந்தாங்க" என்றாய். அவ்வளவுதான். பேப்பரில் துரைமார் பெயரை எல்லாம் போட்டுவிட்டு 'நாற்பது கூலிகள்' என்று முடிக்கிறார்களே என்று என்னிடம் குதித்தவன் நீதானே?

வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

"நான் கணவாய்க்கே போகலடா. அதுக்கு முந்தின நாளு கால் பெசகிடுச்சு. நிமாதான் மூங்கில் கூடையில என்னை உக்கார வச்சி, கூடைப் பட்டையை நெத்தியில மாட்டிக்கிட்டு ரெண்டு நாளு சுமந்து எறக்குனான். இதை எழுதுனா மானம் போயிடாதா?"

"யாருடா படிக்கப் போறா? டார்ஜிலிங்ல இருக்குற தொரைக்கு ஒன்னை யாருன்னு தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாய்.

எனக்கு அடிக்கக் கை வந்தது. உன் மானத்துக்கு அவன் சோறு பலியா என்று கத்திவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நீ இல்லை. விஷக்காய்ச்சல் என்றார்கள். சண்டை போட்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது என்ன பழக்கமடா?

பூட்ஸோடு புத்தகமும் வந்தது. எட்டாவது பக்கத்தை எழுதியிருந்தாய். காய்ச்சலில் எழுதியதோ என்னவோ, எழுத்துக் கோணல். உன் பெரிய இங்கிலீஷ் ஒன்றும் அதில் இல்லை. 'இவர் என்னை இரண்டு நாள் சுமந்தார். நான் கணவாயைப் பார்க்கவில்லை. இவர் பார்த்திருக்கலாம், எனக்காகத் திரும்பினார்.' கீழே முழுப் பெயரும் கையெழுத்தும், பெரம்பலூர் விலாசமும். தபால் ஆபீஸ் மேஜை முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். நீ போனதைப் பற்றி ஒரு வரியும் வைக்காமல், புத்தகத்தை மட்டும் அன்றைக்கே அனுப்பினேன்.

நேற்று நிமாவிடமிருந்து எனக்குப் பதில் வந்தது, யாரையோ வைத்து எழுதியது. புத்தகம் கிடைத்ததாம். இரண்டு சீசனும் டார்ஜிலிங் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினானாம். இப்போது ஒரு துரை எடுத்துக்கொண்டாராம். உன் மேல் ஒரு சொல் குறையில்லை. பாபுவின் கால் சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டிருக்கிறான்; அவனுக்கு நீ குமாஸ்தா பாபு. சரியானால் வரச் சொல்லுங்கள், இந்த முறை கணவாயைக் காட்டுகிறேன் என்றும் எழுதியிருக்கிறான்.

நீ இல்லை என்ற உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாளைக் கிழித்தேன். நான்கு வரிக்காக உன்னை இரண்டு வருஷம் திட்டியவன் நான். கடைசியில், 'கால் சரியாகிவிட்டது, லீவுதான் கிடைக்கவில்லை' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவன் விடமாட்டான், ஒவ்வொரு பங்குனிக்கும் கேட்டு எழுதுவான். வருஷா வருஷம் உன் காலுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், படுபாவி.