சட்டையில் ஒட்டிய டேப்

அண்ணே,

இன்று காலை உங்கள் பச்சைக் காரைத் துடைக்க எடுத்தேன். பின்பெட்டியைத் திறந்ததும் மெழுகு வாசம் குப்பென்று அடித்தது. மூடியின் உட்பக்கம் ஒரு துண்டு காகித டேப், அதில் உங்கள் கோணல் எழுத்தில் ‘கார் பைத்தியம்’. உங்கள் காரியம் முடிந்த அன்று அண்ணி இந்தக் காரின் சாவியை என் கையில் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் இது எப்படி என் கண்ணில் படாமல் போனதோ! தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டேப் இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது. ஒரு திருகைக் கழற்றினாலும் டேப் ஒட்டி, எந்த இடத்துச் சாமான் என்று தமிழில் எழுதி வைப்பீர்கள். சுங்கை பட்டாணியில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நீங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினீர்கள், நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க நமக்குக் கார்ப் பேச்சுதான். வெளிநாட்டுக் கார்ப் பிரியர்களின் இணையக் குழுவில் உங்களைச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஐந்து வருடம் அதில் படமாகப் போட்டுத் தள்ளினீர்கள், ஆனால் ஒரு வார்த்தை எழுதவில்லை.

“என் இங்கிலீஷப் பாத்தா சிரிச்சிருவானுங்க, தங்கச்சி” என்பீர்கள்.

அந்தக் குழுவிலிருந்து மூன்று பேர் விடுமுறைக்கு லங்காவித் தீவுக்கு வந்தார்கள். ஒருவர் லண்டன்காரர், ஒருவர் அமெரிக்கர், ஒருவர் ஆஸ்திரேலியர். ஃபெரி பிடித்து கோலா கெடாவுக்கு வருகிறோம், உங்கள் காரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி புலம்பினார். “கார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு லா” என்று என்னிடம் கெஞ்சினீர்கள். ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் வழியெல்லாம், “கோஸ்தான் போட்டுத் திரும்பிருவோமா?” என்று கேட்டபடியே வந்தீர்கள். காரைப் பின்னால் எடுப்பதற்கு நம் ஊர்ச் சொல் அது. நான் விடவில்லை.

“நீங்க ஓட்டுங்கண்ணே, நான் பேசிக்கிறேன்” என்றேன். அலுவலக இங்கிலீஷ் தெரியும் என்கிற மிதப்பு எனக்கு.

அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்ததும், முன்சீட்டில் இருந்த ஆஸ்திரேலியர் என்னவோ ‘சர்வோ’ என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். பக்கத்தில் இருந்த லண்டன்காரரும் உதட்டைப் பிதுக்கினார். நீங்கள்தான் காட்டு காட்டு என்பதுபோல் கையை ஆட்டினீர்கள். அவர் பெட்ரோல் முள்ளைத் தொட்டுக் காட்டினார். முள் அடியில் கிடந்தது! இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து மெழுகு தேய்த்தவர், பெட்ரோல் போட மறந்திருந்தீர்கள். பெட்ரோல் ஸ்டேஷனுக்கு அவர் ஊரில் சர்வோ என்று பேராம். இல்லை, ‘கேஸ் ஸ்டேஷன்’ என்றார் அமெரிக்கர். லண்டன்காரர் இரண்டு பேரையும் திருத்தப் பார்த்தார்.

திகாம் பத்துவில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சண்டை முற்றியது. முன்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகரத்தை லண்டன்காரர் ‘விங்’ என்றார். அமெரிக்கர் ‘ஃபெண்டர்’ என்றார். ஆஸ்திரேலியர் இரண்டுமே இல்லை, ‘கார்ட்’ என்று சாதித்தார். நீங்கள் மூன்று பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“தங்கச்சி, இவனுங்களுக்குள்ளயே ஒத்துவரலயே! இதுல எது சரியான இங்கிலீஷ்?”

“தெரியலண்ணே.”

அப்போது சிரித்தீர்களே ஒரு சிரிப்பு! அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். உள்ளே போய் டேப்பும் பேனாவும் கொண்டுவந்து ஆளுக்கொரு துண்டு கிழித்துக் கொடுத்தீர்கள். ஈ உட்கார்ந்தால்கூட விரட்டுகிற அந்தப் பச்சைத் தகரத்தில் மூன்று பேரும் அவரவர் சொல்லை எழுதி ஒட்டினார்கள். நான்காவதாக ‘மட்கார்டு’ என்று தமிழில் ஒட்டிவிட்டு, முதல் தடவையாக அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தீர்கள்.

“ஃபோர் நேம், ஒன் தகரம். சேம் லா!”

மூன்று பேரும் கை தட்டினார்கள். அதன் பிறகு சாயங்காலம் வரை உங்கள் வாய் மூடவே இல்லை. எங்களை மாதிரிக் கார்க் கிறுக்கனை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அவரவர் ஊர்ச் சொல்லையும் டேப்பில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டார்கள். லண்டன்காரர் சட்டையில் ‘பெட்ரோல்ஹெட்’, அமெரிக்கர் சட்டையில் ‘கியர்ஹெட்’, ஆஸ்திரேலியர் சட்டையில் ‘ரெவ்ஹெட்’. நீங்கள் ‘கார் பைத்தியம்’ என்று இரண்டு துண்டு எழுதி, ஒன்றை உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு, மற்றதை என்னிடம் நீட்டினீர்கள். எனக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. நான் அதை எங்கேயோ தொலைத்துவிட்டேன். உங்களுடையதுதான் இத்தனை காலமும் பின்பெட்டியில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

குழுவில் இப்போது யார் காரைப் பின்னால் எடுக்கிற படம் போட்டாலும், கீழே ‘கோஸ்தான்’ என்று எழுதுகிறார்கள். ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்.

அண்ணே, நாளை அதே மூன்று பேரும் மறுபடி ஃபெரியில் வருகிறார்கள். உங்கள் காரில் ஒரு சுற்றுப் போக வேண்டுமாம். அண்ணியும் ஜெட்டிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீங்கள் இல்லாமல், அந்த ஆஸ்திரேலியர் பேசுவதில் பாதியை நான் எப்படிப் புரிந்துகொள்வேன்? அன்றைக்கு அவர்களை அனுப்பிவிட்டு நீங்கள் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். “புரியலன்னா காட்டச் சொல்லு. அதுல என்ன வெக்கம்?”

பிய்த்து எடுத்ததில் டேப்பில் பசை போய்விட்டது. ஊசி குத்தி என் சட்டையில் மாட்டிக்கொள்வேன். மெழுகு தேய்த்து முடித்தாயிற்று. சர்வோவுக்கும் போய் வந்துவிட்டேன், அண்ணே.