ஒற்றை ஆள் ஷிப்டு

ஸ்டாக்டன்
சனிக்கிழமை

அன்புள்ள மகன் அர்னெலுக்கு,

என் உடம்பில் இடது பாதி நலம். வலது பாதி பக்கவாதம் வந்த நாளிலிருந்து இருப்பதுபோலவே மரக்கட்டையாகக் கிடக்கிறது. நலமாக இருக்கிற பாதி உன் நலத்தை விசாரிக்கிறது, அலாஸ்காக் குளிரில் அந்த மீன் ஆலையில் உனக்குக் கைகால் விறைக்காமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் அக்கா பெர்லிதா. நீ போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அதனால்தான் தாளும் பேனாவும். அவளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுத வேண்டும் என்பது உத்தரவு. கடிதம் எழுதுவதும் வேலையில் சேருமா என்று கேட்டாள். முதலாளி சொன்னால் சேரும் என்றேன்.

முதலாளி நான்தானப்பா, சிரிக்காதே. படுத்துக் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கவுண்டி அரசு அலுவலகம் சம்பளம் கொடுக்கிறது, சொந்த மகளாக இருந்தாலும் கொடுக்கிறது. ஆனால் ஆளை வைப்பதும் நீக்குவதும் படுத்துக் கிடப்பவரின் கையில். போன வருஷம் வந்த அதிகாரிப் பெண் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஐயா, உங்க பொண்ணா இருந்தாலும் வேலைன்னு வந்துட்டா அவங்க உங்க ஆளு, நீங்கதான் அவங்களுக்கு முதலாளி" என்று சொன்னாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அஸ்பாரகஸ் தண்டுகளைக் கட்டுக் கட்டும் ஷெட்டில் அறுபது பெண்களை மேய்த்த மேஸ்திரி நான். அவள் போனதும் பெட்டியில் கிடந்த என் பழைய விசிலை எடுத்து வரச் சொன்னேன். பெர்லிதா அதைத் துணியால் துடைத்து, கயிறு கோத்து, ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஊதிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

உனக்கு இது கொடுமையாகத் தெரியலாம், கேள். சம்பளம் வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம், பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டுவிட்டு வந்து, இவள் எனக்குச் சும்மாதான் எல்லாம் செய்தாள். அப்போது நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதுண்டா என்று இப்போதுகூடக் கேட்டேன், இல்லை என்கிறாள். எப்படிச் சொல்வேன்? அவள் என் பின்புறத்தைக் கழுவும்போதெல்லாம் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பெற்ற மகளிடமே பிச்சை வாங்குகிறவனாகக் கிடந்தேன். நம் ஆட்கள் உள்கடன் என்று சொல்வார்களே, மனசுக்குள் ஏறும் கடன், அது எனக்குக் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. எந்த வங்கியிலும் கட்டி அடைக்க முடியாது, சாகும்வரை தலையைக் குனிந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் சம்பளம் வந்ததே, அன்றைக்கு என் தலை நிமிர்ந்தது. கடனைக் கவுண்டி அடைத்துவிட்டது. இனி நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வேலை நேரத் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பக்கத்து வீட்டு ஒபேலியா கோவிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு பொண்ணு கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். நான் எதுவும் கொடுத்து வைக்கவில்லை, கவுண்டிதான் கொடுத்து வைத்திருக்கிறது என்றேன். ஒபேலியா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், பெர்லிதா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வேலை நேரத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது, மேஸ்திரி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறாள். முதலாளி மேசையில் கூலியாள் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் ஷெட்டில் கிடையாது, அதனால் பாத்திரத் தொட்டி ஓரம் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். புளிக் குழம்பில் புளி போதாவிட்டால் திருப்பி அனுப்புகிறேன், மூன்றாவது தடவை சரியாகத்தான் வருகிறது, ஆக, முடியாமலில்லை, மனம் வைப்பதில்லை. வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்தால், "என்னடீ, கூலி பத்தலையா?" என்று கேட்பேன். ஷெட்டில் எனக்கிருந்த சட்டம் உனக்குத் தெரியுமே, விசில் ஊதினால் பாதிக் கட்டு கட்டியிருந்தாலும் தண்டுகளை அப்படியே போட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அதற்குமேல் செய்வதற்குக் கூலியும் இல்லை, பேச்சும் இல்லை. இவளுக்கும் அதே சட்டம்தான். ஒரு நாள் எனக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள், நேரமாகிவிட்டது, ஊதினேன். கேட்காததுபோல மற்றக் கன்னத்தையும் வழித்து முடித்துத் துடைத்துவிட்டாள். விசிலுக்குப் பிறகு செய்ததற்கு என்னிடம் நன்றி எதிர்பார்க்காதே என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். "எதிர்பாக்கல மேஸ்திரி" என்றாள். அந்தக் கன்னம் இரவு முழுக்க எனக்கு எரிந்தது.

இனி நான் எழுதச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். மகனே, நீ வந்துவிடு. ஈரக் காலுறையோடு இன்னும் எத்தனை வருஷம் மீன் வயிற்றைக் கிழிப்பாய்? நீ இதுவரை வீட்டுக்குப் பணம் அனுப்பாததைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை, ஆண்பிள்ளைக்கு ஆயிரம் செலவு இருக்கும். இந்த வேலையை உன் பெயருக்கு மாற்றிவிடுகிறேன், என் கையெழுத்து போதும். வேலையா, பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். மற்றதை அக்கா பார்த்துக்கொள்வாள். அவளை நீக்கினால் எங்கே போவாள் என்று பயப்படாதே. வயது நாற்பத்தாறு, அவளைப் பெண் கேட்டு வந்த அந்த பஸ் டிரைவரையும் நான் எப்போதோ துரத்திவிட்டேன். பின்னறையில் கிடப்பாள், சமைப்பாள், கழுவுவாள், பழையபடி சும்மா செய்வாள். பெற்றவனுக்குப் பட்ட கடன் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது அவளை விடாது. சம்பளம் உனக்கு, உழைப்பு அவளுக்கு. இதை எழுதும்போதும் அவள் கை நடுங்கவில்லை, அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும், நல்ல ஆளாகத்தான் பழக்கியிருக்கிறேன். ஆகவே நீ தாமதிக்காமல் அடுத்த

அர்னெல் இது என் இடது கை. கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

பேனாவை வைத்துவிட்டாள். வாக்கியம் பாதியில் நிற்கிறது என்றேன். பக்கத்தில் வந்து என் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்தாள், கயிற்றைக் கழற்றவில்லை, அப்படியே குனிந்து ஊதினாள். என் காதுக்குப் பக்கத்தில். பிறகு சொன்னாள், "மேஸ்திரி, ஷிப்டு முடிஞ்சுது. எனக்கு நீங்க பட்ட கடனை கவுண்டி அடைச்சிருச்சுன்னு சொன்னீங்க. அப்ப என்னைப் பெத்ததுக்கு நான் பட்ட கடனும் அதோட அடைஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும் தீந்துச்சு." நான் உன்னை இன்னும் நீக்கவில்லையே என்றேன். "தம்பிக்கு வேலையைக் குடுத்துட்டீங்க. என் கையாலயே எழுதியிருக்கேன்" என்றாள். அதிகாரிப் பெண்ணிடம் போனில் பேசினாள். திங்கட்கிழமை வேறு ஆள் வரும், அதுவரை ஒபேலியா வந்து பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக ஏற்பாடு செய்தாள். பையை எடுத்தாள். பை ஏற்கெனவே கட்டியிருந்தது.

பெர்லிதா என்று கூப்பிட்டேன். மகளே என்றும் கூப்பிட்டேன், தெரிந்துகொள், கூப்பிட்டேன். விசிலும் ஊதினேன். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். கூலி பற்றாமல்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வலது பக்கம் எனக்கு எட்டாமல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து இடது பக்கம் வைத்தாள். போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசிலுக்குப் பிறகு செய்தது அது. சம்பளத்தில் சேராது. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு இதை அடைப்பேன் என்று தெரியவில்லை.

உனக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. வருவதானால் ஒரு வரி எழுது, கட்டைவிரல் அனுப்பாதே. ஒபேலியா இதைத் தபாலில் போடுவாள், குவளையை அவளைத் தொட விடமாட்டேன். தொண்டை வறள்கிறது.

இப்படிக்கு,
இன்னும் தண்ணீர் குடிக்காத உன் அப்பா
தியோடுலோ