பதினோரு மாத மார்செல்

சைகோன்
18 மார்ச் 1975

அன்புள்ள கஸ்தோன் அண்ணனுக்கு,

உங்கள் செத்தவர்கள் எல்லோரும் சௌகரியமாக இருக்கிறார்களா? போன கடிதத்தில் பாட்டனாரின் பாட்டனார் கப்பலில் சுக்கான் பிடித்தவர் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஜோசெட்டுக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒரு வரி கேட்கவில்லை. விட்டுவிட்டது. ஒன்பது வயதுக்கு நன்றாகவே வளர்ந்திருக்கிறாள், வாய்தான் என்னைவிட நீளம்.

இந்த முறை உங்கள் பைத்தியம் எனக்கு வேண்டும் அண்ணே. வடக்கே ஊர்கள் ஒவ்வொன்றாகக் கம்யூனிஸ்டுகளிடம் விழுகின்றன. பென்தான் சந்தையில் துணிக்காரர்கள் பாதி விலை சொல்கிறார்கள், வாங்க ஆளில்லை. ஜோசெட்டின் அப்பா சண்டையில் செத்து மூன்று வருஷமாகிறது. தோற்கப்போகிற பட்டாளத்தில் இருந்தவரின் பெண்டாட்டியும் பிள்ளையும் நாங்கள். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

பிரெஞ்சுக் குடிமக்களைக் கான்சுலேட் விமானத்தில் ஏற்றிவிடும் என்கிறார்கள். நானும் பிரெஞ்சுக்காரிதான், ஆனால் என் காகிதமெல்லாம் அறுபத்தெட்டில் தேத் பண்டிகைச் சண்டையின்போது வீட்டோடு எரிந்துபோயிற்று. மறுபடி எழுதி வாங்க இரண்டு நகல் வேண்டுமாம். தாத்தா பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்று. பப்பாவின் பிறப்புப் பதிவு ஒன்று. தாத்தாவிலிருந்து பப்பா, பப்பாவிலிருந்து நான், என்னிலிருந்து ஜோசெட். நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் ஆகாது என்று அங்கே இருந்த அம்மாள் சொன்னாள்.

அடுத்த வீட்டு ஏவ்லினைத் தெரியுமே, நம் காரைக்கால் குடும்பம்தான். அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. அவள் பாஸ்போர்ட்டிலேயே மகள் ரோசாலியின் பெயரும் வயதும் எழுதியிருக்கிறார்கள், குழந்தைக்குப் படம்கூட ஒட்டவில்லை. ரோசாலியும் ஜோசெட்டும் ஒரே வயது, ஒரே வகுப்பு. “நீ இல்லாம நான் ஏறமாட்டேன்டி” என்கிறாள் ஏவ்லின்.

இருபது வருஷமாகப் பிறப்பு இறப்புப் பதிகிற மேரி ஆபீசிலும் மாதா கோவிலிலும் பழைய புத்தகம் புரட்டுகிறீர்கள். எனக்கு வேண்டியது இரண்டு தாள்.

உங்கள் தங்கை
ஒடெட்


சேசு மரி சூசை துணை

காரைக்கால்
2 ஏப்ரல் 1975

பாசமுள்ள தங்கை ஒடெட்டுக்கு அண்ணன் கஸ்தோன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்த அன்றே மேரி ஆபீசுக்குப் போனேன். தாத்தாவின் பத்திர நகல் இத்துடன் இருக்கிறது. 1888, நவம்பர் 12. கீழே கையெழுத்தைப் பார். தமிழில் போட்டிருக்கிறார், கடைசி எழுத்தில் மை கொட்டியிருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது விரலால் தொட்டுப் பார்த்தேன். குழந்தையிடமும் காட்டு.

என் வம்சப் புத்தகத்தில் இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கேள்விப்பட்டு எழுதிய பெயர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பிறப்புக்கும் இறப்புக்கும் ஆதாரம் பார்த்துத்தான் எழுதுவேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, அந்தப் புத்தகம்தான் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

பப்பாவின் பதிவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறு. அதைப் பார்க்கிற குமாஸ்தா லீவில் இருக்கிறார். வந்ததும் அனுப்புகிறேன். ஜோசெட்டுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்
கஸ்தோன்


சைகோன்
19 ஏப்ரல் 1975

அண்ணே,

தாத்தா வந்து சேர்ந்தார். பப்பா எங்கே? உங்கள் குமாஸ்தா எப்போது லீவிலிருந்து வருவார்?

கான்சுலேட் வாசலில் விடியும் முன்பே போய் நிற்கிறேன். ஜன்னலருகே போனதும் அதே கேள்வி, அதே பதில். “பிறப்புப் பதிவு வந்தால் வாருங்கள், மதாம்.” நேற்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள்.

ரோசாலி போய்விட்டாள் அண்ணே. நான்கு நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் அடிபட்ட சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், குழந்தையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அடக்கத்துக்குச் சாமியாரும் ஏவ்லினும் நானும்தான். குழியின்மேல் வெறும் மரச் சிலுவை, பெயர் எழுதக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஏவ்லின் ஒருவரிடமும் சொல்லவில்லை, எந்த ஆபீசுக்கும் போகவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பவும் மாட்டேன் என்கிறாள்.

ஜோசெட் என் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. “மா, நமக்குக் காகிதம் வந்துச்சா?” என்று தினமும் கேட்கிறாள். தந்தி அடியுங்கள், ஆளை அனுப்புங்கள், எதையாவது செய்யுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒடெட்


சே. ம. சூ.

காரைக்கால்
8 செப்டம்பர் 1975

தங்கை ஒடெட்டுக்கு,

நான்கு மாதமாகத் தபால் போகவில்லை. எழுதி எழுதித் திரும்பி வந்தன. இப்போது போகும் என்கிறார்கள். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

குமாஸ்தா லீவில் இல்லை. நான் பொய் சொன்னேன்.

பப்பாவுக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. அவர் காட்டிவந்த 1893-ஆம் வருஷப் பதிவு அவருடையது அல்ல, அவருக்கு முன் பிறந்த அண்ணனுடையது. அந்தக் குழந்தையின் பெயரும் மார்செல்தான். பதினோரு மாதத்தில் இறந்துபோயிற்று. கோவிலில் அடக்கம் பண்ணினார்கள், மேரி ஆபீசில் சாவைச் சொல்லவில்லை. அடுத்த பிரசவத்துக்குப் பப்பாவைப் பெற்ற ஆத்தாள் தரங்கம்பாடியில் தாய்வீட்டுக்குப் போனார். அது இங்கிலீஷ்காரன் ஆண்ட பக்கம். அங்கே பிறந்தவர்தான் பப்பா. தாத்தா அதே பெயரை வைத்து, அதே காகிதத்தைக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

பப்பா இறந்தபின் கோவில் அடக்கப் புத்தகத்தில் இதைக் கண்டுபிடித்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் புத்தகத்தில் செத்த குழந்தைக்கு நாம் பிள்ளைகளாகப் பிறந்ததாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. 1961-இல் கோர்ட்டில் மனுப் போட்டு, அந்தப் பதிவின் ஓரத்தில் “பதினோரு மாதத்தில் இறப்பு” என்று எழுத வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன். இப்போது நகல் கேட்டால் ஓரக் குறிப்போடுதான் தருவார்கள். அதைக் கான்சுலேட்டில் நீட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

கஸ்தோன்


சைகோன்
3 நவம்பர் 1975

பப்பா அறுபத்து நான்கு வருஷம் அந்தப் பெயரில் வாழ்ந்தார். சுங்க ஆபீசில் முப்பது வருஷம் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயரில் கல்யாணம் பண்ணி நம்மைப் பெற்றார். வெள்ளைக்காரன் ஒருவன்கூட அவரைப் பார்த்து நீ இல்லை என்று சொல்லவில்லை. நீ சொன்னாய். அவர் மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இங்கே இப்போது எல்லோரும் உன் வேலையைத்தான் செய்கிறோம். புது ஆட்சியின் வட்டார ஆபீசில் ஆளுக்கு ஒரு கத்தை தாள் கொடுத்து மூன்று தலைமுறை எழுதச் சொல்கிறார்கள். அப்பன் யார், பாட்டன் யார், யாரிடம் வேலை பார்த்தான், புருஷன் எந்தப் பட்டாளம். போன மாதம் எழுதியதையும் இந்த மாதம் எழுதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். நீ இங்கே இருந்திருந்தால் பெரிய அதிகாரியாகியிருப்பாய்.

புருஷன் சிப்பாய் என்று எழுதியவர்களை எல்லையோரக் காட்டில் புதுக் குடியேற்றத்துக்கு அனுப்புகிறார்கள். போன மாதம் இந்தத் தெருவிலிருந்து ஆறு குடும்பம் லாரியில் போயிற்று. அதில் ஒரு குடும்பம் திரும்பி ஓடிவந்து சந்தை நடைபாதையில் படுத்திருக்கிறது. அவர்கள் கைக்குழந்தை மலேரியாவில் செத்துப்போயிற்று. அடுத்த லாரியில் என் பெயர் வரும்.

பதினோரு மாதக் குழந்தைமேல் உனக்கு அத்தனை அக்கறை. என் பிள்ளைக்கு ஒன்பது வயது, உயிரோடு இருக்கிறாள்.

ஒடெட்


சே. ம. சூ.

காரைக்கால்
15 ஜனவரி 1976

தங்கச்சி,

நீ எழுதியது அத்தனையும் சரி.

தரங்கம்பாடிக் கோவிலில் பத்து நாள் உட்கார்ந்தேன். கரையான் அரித்தது போக மிச்சமிருந்த ஞானஸ்நானப் புத்தகத்தில் பப்பா கிடைத்தார். 1895, ஆகஸ்ட் 3. “இறந்த தமையன் பெயரே இடப்பட்டது” என்று சாமியார் எழுதி வைத்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினேன். இதை வைத்துப் பப்பாவுக்குப் புதிதாகப் பிறப்புப் பதிவு போட வேண்டும், இல்லையென்றால் அந்த ஓரக் குறிப்பையாவது அடிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தேன்.

நீதிபதி சிரித்துவிட்டார். “நீங்கதானே முசே எழுத வெச்சீங்க? இப்ப நீங்களே அழிக்கச் சொன்னா எப்படி?” என்றார். எல்லோருக்கும் முன்னால் அவர் காலில் விழப்போனேன், சேவகன் தூக்கிவிட்டான். ஜூன் 21-க்கு வாய்தா போட்டிருக்கிறார். வக்கீல் அதற்கப்புறம் இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார்.

அதுவரை எப்படியாவது லாரியில் ஏறாமல் இரு. உடம்பு சரியில்லை என்று சொல், ஏவ்லின் வீட்டில் ஒளிந்துகொள். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

கஸ்தோன்


சைகோன்
24 மார்ச் 1976

அண்ணனுக்கு,

இந்த மாதத்திலிருந்து கடிதங்களை வட்டார ஆபீசில் திறந்து பார்க்கிறார்கள், இது அவர்கள் பார்க்காத கடிதம். ஏவ்லின் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு போய்ப் பாரிசில் தபாலில் போடுவாள். அவளுக்கு விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது, 27-ஆம் தேதி. எனக்கு லாரி மே 30-ஆம் தேதி. ஜூன் வரை யாரும் எனக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

ஏவ்லின் தனியாகப் போகவில்லை. மகள் ரோசாலியோடு போகிறாள். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. ரோசாலி செத்தது எந்தக் காகிதத்துக்கும் தெரியாது. யோசனை ஏவ்லினுடையது. சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் நான் சரி என்றேன். தாத்தா செய்ததைத்தான் நானும் செய்கிறேன்.

பதினைந்து நாளாக ஜோசெட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். உன் பெயர் ரோசாலி. இவள்தான் உன் அம்மா. நான் அடுத்த வீட்டு மதாம். யாராவது ஜோசெட் என்று கூப்பிட்டால் திரும்பக் கூடாது. நானே பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். முதல் நாள் திரும்பிச் சிரித்தாள். ஐந்தாம் நாள் பாதி திரும்பி நின்றாள். நேற்று சந்தைக் கூட்டத்தில் உரக்கக் கூப்பிட்டேன். ஏவ்லின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போய்விட்டாள். கெட்டிக்காரி. வீட்டுக்கு வந்ததும், “நான் சரியாப் பண்ணினேனா, மதாம்?” என்று கேட்டாள். சரியாகப் பண்ணினாய் என்றேன்.

அவள் போனபின், மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று வட்டாரத்தில் எழுதிக் கொடுப்பேன். கல்லறை எங்கே என்பார்கள். பெயரில்லாத சிலுவை ஒன்று இருக்கிறதே, அதில் ஜோசெட் என்று எழுதுவேன். ரோசாலி கோபித்துக்கொள்ளமாட்டாள். இரண்டு பேரும் பென்சில், ரிப்பன் எல்லாம் மாற்றிக்கொண்டவர்கள்தான்.

உங்கள்மேல் இருந்த கோபம் தீரவில்லை அண்ணே. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மனமில்லை. ஆனால் எனக்கு இதைச் செய்ய உங்களைவிட்டால் ஆளில்லை. மாமன் துக்கம் விசாரித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், இங்குள்ள மாரியம்மன் கோவில் வடிவேல் அதை வட்டாரத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். அவர்கள் ஆதாரம் கேட்பவர்கள், உங்களைப் போல. உங்கள் வம்சப் புத்தகத்திலும் அவள் பெயருக்கு நேரே இறந்துவிட்டாள் என்று எழுதுங்கள். ஏவ்லினுக்கு எழுதாதீர்கள். குழந்தையைத் தேடாதீர்கள். பெரியவளான பின்னும் தேடாதீர்கள். எந்த ஓரத்திலும் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

எனக்கு வேண்டியது ஒரு தாள்.

ஒடெட்


சேசு மரி சூசை துணை

காரைக்கால்
20 ஏப்ரல் 1976

அருமைத் தங்கை ஒடெட்டுக்குத் துயரத்தோடு அண்ணன் கஸ்தோன் எழுதுவது.

நம் குழந்தை ஜோசெட் காய்ச்சலில் இறந்துபோன செய்தி கிடைத்தது. நான்கு நாள் படுத்திருந்தாள் என்றும், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி இருந்தது என்றும், சைகோனிலேயே அடக்கம் செய்தாய் என்றும் அறிந்து மனம் தாங்கவில்லை. பெற்ற உனக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? பத்தே வயது.

குடும்பப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதிவிட்டேன். ஜோசெட், பிறப்பு 1966, இறப்பு 1976. ஆதாரம் என்ற இடத்தில் “தாய் சொன்னது” என்று எழுதியிருக்கிறேன். இனி அந்தப் புத்தகத்தில் எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. கோர்ட்டில் போட்டிருந்த மனுவையும் திரும்ப வாங்கிவிட்டேன். மேரி ஆபீசின் பெரிய பதிவேட்டை இனி யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நீ போகிற இடத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கொசுவலை இல்லாமல் படுக்காதே. வழியிருந்தால் அந்தக் கல்லறைக்கு என் பெயரைச் சொல்லி ஒரு பூ வை.

இன்று காலை கோவிலில் இரண்டு குழந்தைகளுக்காகப் பூசை வைக்கச் சொன்னேன். ஒன்று நம் பப்பாவின் அண்ணன். இன்னொன்று யார் என்று உனக்குத் தெரியும். பெயர்களைச் சாமியாரிடம் வாயால் சொன்னேன். அவர் பூசைப் புத்தகத்தில் எழுதப் பேனாவை எடுத்தார். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அண்ணன்
கஸ்தோன்